பாடினது ஒருத்தர், போஸ்டரில் இன்னொருத்தர்: டான்ஸ் பாட்டு ஹிட்டானா பேரும் காசும் யாருக்குப் போகுது?

பங்குனி மாதம் கமுதி முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு 'சேத்தாண்டி வேடம்' தெரிந்திருக்கும். உடம்பு முழுக்கச் சேற்றைப் பூசிக்கொண்டு பக்தர்கள் நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். அக்கினிச்சட்டி, முளைப்பாரி, கும்மி எல்லாம் உண்டு. ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் இன்று பல ஊர்த் திருவிழாக்களில் தவிலும் உறுமியும் ஓய்ந்த பிறகு மேடை ஏறுவது டிஜே. ஒரு லேப்டாப், ஆள் உயர ஸ்பீக்கர் பாக்ஸ், கலர் லைட். பழைய நாட்டுப்புறப் பாட்டின் மேலே 'டும் டும் டும் டும்' என்று ஒரே சீராக அடிக்கும் பேஸ். கூட்டம் ஆடுகிறது.

அந்த 'டும் டும் டும் டும்' கமுதியிலோ சென்னையிலோ பிறந்ததில்லை. அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தது. அதன் பெயர் ஹவுஸ். கடந்த 40 வருடங்களாக உலக டான்ஸ் பட்டியல்களை ஆண்டுகொண்டிருக்கிற இசை அது. இந்த இசைக்குப் பின்னால் ஒரு பழைய பிரச்சினை விடாமல் வந்துகொண்டே இருக்கிறது. பாடினவர் ஒருவர், புகழ் பெறுபவர் இன்னொருவர், காசு வாங்குபவர் மூன்றாவது ஒருவர். 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' விஷயத்தில் தமிழ்நாடே சண்டை போட்டதும் இதைப் பற்றித்தான்.

அதென்ன ஹவுஸ்?

1977-ல் சிகாகோவில் 'தி வேர்ஹவுஸ்' என்ற கிளப் திறக்கப்பட்டது. அங்கே டிஜேவாக இருந்தவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். ஆட வந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள், லத்தீன் அமெரிக்கர்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள். வெளியே வேறு எங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள் என்று சொன்னாலும் தப்பில்லை. அப்போது டிஸ்கோ மீது அமெரிக்காவில் வெறுப்பு கிளம்பியிருந்தது. 1979 ஜூலை 12 அன்று அதே சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். வேடிக்கை இல்லை, நிஜமாகவே வெடிவைத்தார்கள்.

பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன. வேர்ஹவுஸ்காரர்கள் கைவிடவில்லை. பழைய டிஸ்கோ பாட்டுகளை எடுத்து, வெட்டி, நீட்டி, அடியில் டிரம் மெஷினை ஓடவிட்டார்கள். அந்த ஊர் ரெக்கார்டு கடைகளில் 'வேர்ஹவுஸில் கேட்டது' என்று சீட்டு ஒட்டி விற்றார்கள். அது சுருங்கி 'ஹவுஸ்' ஆனது. 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட 'ஆன் அண்ட் ஆன்' பாட்டைத்தான் முதல் ஹவுஸ் ரெக்கார்டு என்று பலர் சொல்கிறார்கள். 1987 ஜனவரியில் ஸ்டீவ் 'சில்க்' ஹர்லியின் 'ஜாக் யுவர் பாடி' பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரு ஹவுஸ் பாட்டு அங்கே முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை.

இசையாகப் பார்த்தால் விஷயம் எளிது. நம்ம ஊர் குத்துப்பாட்டு பெரும்பாலும் 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாக உருளும். ஹவுஸ் நாலு நாலாக நடக்கும். ஒவ்வொரு அடியிலும் ஒரு பேஸ் டிரம், நிமிஷத்துக்குச் சுமார் 120 முதல் 130 அடிகள். இதில் ஒரு வசதி உண்டு. எந்தக் குரலையும் எந்த ஊர்ப் பாட்டையும் வேகத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி இதன் மேலே உட்கார வைத்துவிடலாம். ஹவுஸின் பலமும் அதுதான், வம்பும் அதுதான். ஏனென்றால் அந்தக் குரல் பெரும்பாலும் வேறு யாருடைய ரெக்கார்டிலிருந்தோ வருகிறது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு விட்டகுறை தொட்டகுறை இருக்கிறது. மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை எடுத்து டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசரில் வாசித்து ஒரு எல்பி போட்டார். அவர் பயன்படுத்தியது ரோலண்ட் கம்பெனியின் டிபி-303, டிஆர்-808 என்ற மெஷின்கள். அதே 303 மெஷினை வைத்து சிகாகோவின் ஃபியூச்சர் குழு 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டு 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகையைத் தொடங்கி வைத்தது 1987-ல்தான். சரண்ஜித்தின் ரெக்கார்டு அந்தக் காலத்தில் பெரிதாக விற்கவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபோது வெளிநாட்டு ரசிகர்கள் 'இதென்ன, சிகாகோவுக்கு முன்னாடியேவா?' என்று வாயைப் பிளந்தார்கள். 2015-ல் அவர் காலமானார். கடைசிச் சில வருடங்களாவது வெளிநாட்டு மேடைகளில் வாசித்துக் கைதட்டல் வாங்கினார்.

டான்ஸ் சார்ட்டை யார் தீர்மானிக்கிறார்கள்?

சாதாரண ஹிட் பட்டியல் விற்பனையையும் ரேடியோவையும் எண்ணும். டான்ஸ் பட்டியல் தொடங்கியது வேறு மாதிரி. 1974-ல் பில்போர்டு பத்திரிகை நியூயார்க் டிஸ்கோக்களில் எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எழுந்து ஆடுகிறது என்று டிஜேக்களிடம் கேட்டுப் போட ஆரம்பித்தது. பிறகு அது நாடு முழுக்க விரிந்தது. ஒருத்தர் ரெக்கார்டு வாங்கினாரா என்பது கணக்கில்லை. தரை நிறைந்ததா என்பதுதான் கணக்கு. இந்தப் பட்டியலில் மடோனா மட்டும் 50 முறை முதலிடம் பிடித்திருக்கிறார்.

2020 மார்ச்சில் கொரோனா வந்து கிளப்கள் மூடப்பட்டதும் அந்தப் பட்டியலையும் நிறுத்திவிட்டார்கள். ஆட ஆளில்லாதபோது எதை எண்ணுவது? 2013-லேயே பில்போர்டு, ஸ்ட்ரீமிங், விற்பனை, ரேடியோ எல்லாம் சேர்த்த தனி டான்ஸ்/எலக்ட்ரானிக் பட்டியலைத் தொடங்கியிருந்தது. இன்று கணக்கு அங்கேதான். அதாவது, தரையில் ஆடிய கால்களிலிருந்து போனில் அழுத்திய விரல்களுக்கு வந்துவிட்டது.

நம்ம ஊரில் டான்ஸ் பாட்டுக்கென்று பெயர் சொல்லும்படி ஒரு சார்ட் இல்லை. யூடியூப் வியூஸ், ரீல்ஸ் எண்ணிக்கை, கல்யாண மண்டபம், திருவிழா ஆகியவைதான் சார்ட். அதிலும் விளையாட்டு நடக்கும். 2019 ஜூலையில் ராப் பாடகர் பாட்ஷாவின் 'பாகல்' 24 மணி நேரத்தில் 7.5 கோடி வியூஸ் என்று உலக சாதனை பேசப்பட்டது. விளம்பரம் கொடுத்து வாங்கிய வியூஸும் அதில் அடக்கம் என்று சர்ச்சை கிளம்ப, சில வாரங்களில் யூடியூப் தன் இசைப் பட்டியல்களில் விளம்பர வியூஸை எண்ணுவதில்லை என்று அறிவித்தது. எனவே 'இத்தனை கோடி' என்று போஸ்டர் பார்த்தால் கொஞ்சம் உப்புப் போட்டே சாப்பிடுங்கள்.

முதலிடம் பிடித்த குரல், யாரும் பார்க்காத முகம்

இந்தக் கதையில் தவிர்க்க முடியாத ஒரு பாட்டு 'ரைடு ஆன் டைம்'. இத்தாலியைச் சேர்ந்த பிளாக் பாக்ஸ் என்ற மூவர் குழு வெளியிட்ட ஹவுஸ் சிங்கிள். 1989-ல் பிரிட்டனில் 6 வாரங்கள் முதலிடம், அந்த வருடத்தில் அங்கே அதிகம் விற்ற சிங்கிளும் அதுதான். வீடியோவிலும் டிவி நிகழ்ச்சிகளிலும் கம்பீரமாக நின்று பாடியவர் கேத்ரின் கினோல் என்ற மாடல்.

பாடியவர் என்றா சொன்னோம்? வாயசைத்தவர்.

குரல் லோலியாட்டா ஹாலோவே என்ற சிகாகோ பாடகியுடையது. 1980-ல் அவர் பாடிய 'லவ் சென்சேஷன்' என்ற டிஸ்கோ பாட்டிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்து ஒட்டியிருந்தார்கள். ரெக்கார்டில் அவர் பெயர் இல்லை. அவருக்குக் காசும் வரவில்லை. உலகமே தன் குரலுக்கு ஆடிக்கொண்டிருக்க, டிவியில் வேறு ஒரு பெண் தன் குரலில் வாயசைப்பதை அவர் பார்க்க வேண்டியிருந்தது. வழக்கறிஞர்கள் வந்தார்கள். கடைசியில் ஒரு தொகைக்குச் சமரசம் ஆனது. இடையில் ஹீதர் ஸ்மால் என்ற வேறு பாடகியை வைத்து அதே பாட்டைத் திரும்பப் பதிவும் செய்தார்கள்.

இரண்டே வருடம் கழித்து, 1991-ல், மார்க்கி மார்க் என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்த மார்க் வால்பெர்க் (ஆம், ஹாலிவுட் நடிகரேதான்) அதே 'லவ் சென்சேஷனை' எடுத்து 'குட் வைப்ரேஷன்ஸ்' போட்டார். இம்முறை ஹாலோவேயின் பெயர் கவரில் இருந்தது, வீடியோவிலும் அவரே வந்தார். பாட்டு அமெரிக்காவில் முதலிடம். ஒரே குரல், ஒரே பழைய ரெக்கார்டு. பேர் போட்டதால் பாட்டின் வெற்றி ஒரு துளியும் குறையவில்லை.

பிளாக் பாக்ஸ் அத்தோடு திருந்தவில்லை என்பது இன்னொரு கூத்து. அவர்களுடைய முதல் ஆல்பத்தில் பல பாட்டுகளை மார்த்தா வாஷ் என்ற பாடகி பாடினார். வீடியோவில் மறுபடி கினோல். அதே காலத்தில் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி குழுவின் 'கோனா மேக் யூ ஸ்வெட்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதிலும் குரல் மார்த்தா வாஷ், முகம் வேறொருவர். மார்த்தா நீதிமன்றம் போனார். அந்த வழக்குகளுக்குப் பிறகுதான் அமெரிக்க இசைத் துறையில் 'குரல் யாருடையதோ அவர் பெயரைப் போடு' என்பது நடைமுறையாக இறுகியது. இரண்டு பாடகிகளும் கறுப்பினப் பெண்கள், நல்ல உடல்வாகு கொண்டவர்கள். முகத்துக்கு வைக்கப்பட்டவர்கள் ஒல்லியான இளம்பெண்கள். கம்பெனிகள் ஏன் அப்படிச் செய்தன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை.

2022-ல் பியான்சே 'பிரேக் மை சோல்' போட்டபோது ஹவுஸ் மறுபடி உலகத்தின் உச்சிக்கு வந்தது. ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரதான ஹாட் 100 பட்டியலிலேயே முதலிடம், அடுத்த பிப்ரவரியில் கிராமி. ராபின் எஸ் 90-களின் தொடக்கத்தில் பாடிப் புகழ்பெற்ற 'ஷோ மீ லவ்' பாட்டின் சாயல் அதில் இருப்பதால், அதை எழுதிய ஆலன் ஜார்ஜ், ஃபிரெட் மக்ஃபார்லேன் ஆகியோர் பெயரும் எழுதியவர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பாட்டை உலகத்துக்குக் கொண்டுபோன ராபின் எஸ் அந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அவர் எழுதவில்லை, பாடினார். அவர் கோபப்படவில்லை, தன்னை நினைவுகூர்ந்ததற்கு நன்றியே சொன்னார். ஆனால் இதிலிருந்து ஒன்று புரிகிறது: எழுதினவர் உரிமையும் பாடினவர் உரிமையும் ஒன்றில்லை.

என்ஜாய் எஞ்சாமி: பாட்டு யாருடையது?

2021 மார்ச் 7. தீ, அறிவு இருவரும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த 'என்ஜாய் எஞ்சாமி' வெளியானது. சினிமா பாட்டில்லை. ஏ.ஆர்.ரஹ்மானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட 'மாஜா' என்ற சுயாதீன இசைத் தளத்தின் வெளியீடு. யூடியூபில் 40 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது. தமிழ் சுயாதீன இசையில் இதற்கு முன் இப்படி ஒன்று நடந்ததில்லை.

இது ஹவுஸ் இல்லை. ஒப்பாரி, ராப், நாட்டுப்புறம் எல்லாம் கலந்த ஒன்று. அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து இது வந்ததாகச் சொல்லியிருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான குடும்பங்களில் ஒன்று அவருடையது. உழைத்த மண்ணில் ஒரு சென்ட் நிலம்கூட சொந்தமில்லாதவர்களின் பாட்டு. 1964-ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின்படி ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்கியவர்களை ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் நினைவு வைத்திருப்பார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறினால் அடுத்த கரை இதுதானே.

அந்த வருடத்தின் நடுவிலேயே பாட்டு டான்ஸ் தரைக்குப் போனது. பிரெஞ்சு டிஜே ஸ்னேக் ரீமிக்ஸ் செய்தார். மேஜர் லேசரோடு சேர்ந்து 'லீன் ஆன்' போட்ட அதே ஆள். நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரின் ராட்சத விளம்பரப் பலகையில் ஸ்பாட்டிஃபை இதை விளம்பரப்படுத்தியது. தமிழ்ப் பாட்டு டைம்ஸ் ஸ்கொயரில் என்று எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். அப்போதே சிலர் கேட்டார்கள்: அறிவு எங்கே?

ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' என்ற இரண்டு பாட்டுகளின் வெற்றியை ஒட்டிய அட்டை அது. இரண்டிலும் வரிகளில் பங்குள்ள அறிவு அட்டையில் இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் ட்விட்டரில் இதைச் சுட்டிக்காட்டி, அறிவு மறுபடி கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கப்பட்டிருக்கிறார் என்ற பொருளில் எழுதினார். அது பெரிய விவாதமானது. சில நாட்களில் பத்திரிகை அறிவை வைத்துத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை போட்டது. ஹாலோவேக்கு 1989-ல் நடந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் உண்டு: தீ யாருக்காகவும் வாயசைக்கவில்லை, அவரும் பாடியவரே. ஆனால் எந்த முகம் 'அட்டைக்கு ஏற்றது' என்று தீர்மானிக்கிற கண் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் வேலை செய்திருக்கிறது. அங்கே நிறமும் உடம்பும். இங்கே சாதியும் வர்க்கமும் என்று விமர்சித்தவர்கள் சொன்னார்கள். அது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

அடுத்த வருடம் 2022 ஜூலை 28. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் மேடையில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு இல்லை. சில நாட்களில் அறிவு இன்ஸ்டாகிராமில் நீண்ட பதிவு எழுதினார். பாட்டுக்கு மெட்டும் வரியும் தான் போட்டது, தூக்கமில்லாமல் மாதக்கணக்கில் உழைத்தது என்பது அவர் தரப்பு. சந்தோஷ் நாராயணன் பதில் அறிக்கை கொடுத்தார். மெட்டில் தீக்கும் பங்கு உண்டு, எல்லோரும் சேர்ந்து உருவாக்கியது, வருமானமும் உரிமையும் தீக்கும் அறிவுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது, தனக்கோ மாஜாவுக்கோ இல்லை என்றார். தீயும் தான் எல்லா இடத்திலும் அறிவைக் குறிப்பிட்டே வந்திருப்பதாக எழுதினார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

திருப்பம் வந்தது 2024 மார்ச்சில். பாட்டு வெளியாகி மூன்று வருடம் ஆனதையொட்டி சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ போட்டார். அந்தப் பாட்டிலிருந்து கலைஞர்கள் யாருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்றார். மாஜா தரப்பு குற்றச்சாட்டை மறுத்து விளக்கம் கொடுத்தது. இரண்டு வருடம் முன்பு 'சமமாகப் பிரித்தாகிவிட்டது' என்று சொல்லப்பட்ட வருமானம், கையில் வந்த காசு இல்லை, காகிதத்தில் இருந்த பங்கு என்று அப்போதுதான் பலருக்கும் புரிந்தது. பங்கு 50-50 என்று எழுதிவிடலாம். எதில் 50 என்பதுதான் கேள்வி.

காசு எந்த வழியாப் போகுது?

ஒரு பாட்டில் குறைந்தது மூன்று உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, வரியும் மெட்டும். இது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும். இரண்டு, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு, அதாவது 'மாஸ்டர்'. பொதுவாக இது லேபிளிடம் இருக்கும். மூன்று, பாடியவர், வாசித்தவரின் நிகழ்த்துநர் உரிமை. ரீமிக்ஸுக்குப் பழைய ரெக்கார்டை அப்படியே எடுத்தால் முதல் இரண்டு உரிமைக்காரர்களிடமும் அனுமதி வேண்டும். மெட்டை மட்டும் எடுத்துப் புதிதாகப் பாட வைத்தால் முதல் உரிமை போதும்.

ஸ்ட்ரீமிங் தளங்கள் மாதம் வருகிற பணத்தை ஒரே குளத்தில் ஊற்றி, மொத்தக் கேட்புகளில் உங்கள் பாட்டின் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் பிரிக்கின்றன. அந்தப் பணம் நேராகப் பாடகரின் ஜிபேவுக்கு வராது. விநியோகஸ்தர், லேபிள், செலவுக் கழிவு, முன்பணக் கழிவு எல்லாம் தாண்டித்தான் கலைஞர் கை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் கடந்த 12 மாதத்தில் 1,000 கேட்புகூட இல்லாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது.

முறையாகப் போனால் நன்றாகவும் நடக்கும் என்பதற்கு ஒரு தமிழ் உதாரணம் உண்டு. 1994-ல் வந்த 'காதலன்' படத்தின் 'ஊர்வசி ஊர்வசி' பாட்டை எடுத்து, 20 வருடம் கழித்து வில்.ஐ.ஆம் 'இட்ஸ் மை பர்த்டே' போட்டார். 2014 ஜூலையில் பிரிட்டனில் அது முதலிடம். எழுதியவர் பட்டியலில் ஏ.ஆர்.ரஹ்மான் பெயர் இருந்தது. சின்ன வயதில் பஸ்ஸில் கேட்ட பாட்டு லண்டன் கிளப்பில் ஓடுகிறது, கணக்கும் சரியாக இருக்கிறது. ரஹ்மானிடம் ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கோ லேபிளுக்கோ எழுதிக்கொடுத்துவிட முடியாது என்றது. எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. தன் நிகழ்ச்சியில் தன் பெயரைச் சொல்லச் சொல்லும் உரிமை பாடகருக்கும் உண்டு என்றது, பிரிவு 38பி. ஒரு பாட்டின் கவர் வெர்ஷன் செய்ய வேண்டுமென்றால் மூலப் பதிவு வந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும், உரிமையாளர் சம்மதம் இல்லாமல் பாட்டை மாற்றக்கூடாது என்கிறது பிரிவு 31சி.

இந்தச் சட்டம் கோர்ட் படியேறும்போது செய்தியாகிறது. 2024 மே மாதம் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாட்டு வந்ததற்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. 2025-ல் 'குட் பேட் அக்லி' படத்தில் 'ஒத்த ரூபாயும் தாரேன்', 'இளமை இதோ இதோ', 'என் ஜோடி மஞ்சக்குருவி' என மூன்று பாட்டுகளைப் பயன்படுத்தியதற்கு 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 'இவருக்கு எதுக்கு இவ்ளோ பிடிவாதம், பாட்டு ஊருக்கே சொந்தம்தானே' என்று கமென்ட் போட்டவர்கள் நிறைய. தயாரிப்பாளர்கள் இசை லேபிளிடம் அனுமதி வாங்கியதாகச் சொன்னார்கள். லேபிளிடம் இருப்பது எந்த உரிமை, இசையமைப்பாளரிடம் மிஞ்சியிருப்பது எது என்பதுதான் வழக்கின் முடிச்சாக இருந்தது. ஆனால் தியேட்டரில் அந்த மூன்று பாட்டுக்குத்தானே விசில் பறந்தது? விசிலுக்கு விலை உண்டு என்றால் அதில் பங்கு கேட்பது பிடிவாதம் ஆகாது.

அப்ப திருவிழா டிஜே?

மதச் சடங்கின் ஒரு பகுதியாகப் பாட்டுப் போடுவதற்கு அனுமதி தேவையில்லை, பிரிவு 52(1)(இசட்ஏ) விலக்குக் கொடுக்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தையொட்டிய நிகழ்ச்சிகளும் இதில் வரும். 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை ஒருமுறை தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது. டிக்கெட் போட்டு நடத்துகிற டிஜே நைட்டுக்கு இந்த விலக்கு கிடைக்காது. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது தனிச் சட்டம், அதைப் போலீஸே ஞாபகப்படுத்திவிடுவார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த டிஜே பாட்டுகளின் மூலம் எங்கிருந்து வருகிறது? 648 மெகாவாட் சோலார் நிலையத்துக்காக 2016-ல் உலகச் செய்தியில் அடிபட்ட கமுதியில், ஒப்பாரியும் கும்மியும் முளைப்பாரிப் பாட்டும் தெரிந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பேரன் போனில் பதிவு செய்து ரீல்ஸில் போடுகிறான். அதை எங்கோ ஒரு புரொடியூசர் இறக்கி, அடியில் 124 பிபிஎம்மில் ஒரு கிக் போட்டு, 'தமிழ் ஃபோக் ஹவுஸ்' என்று பெயர் வைத்து ஸ்பாட்டிஃபையில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு பரம்பரையாக வருவது, எழுதியவர் யாரென்று தெரியாது, எனவே வரிக்கும் மெட்டுக்கும் காப்புரிமை இல்லை. புரொடியூசர் தைரியமாக இருப்பது இதனால்தான்.

ஆனால் அந்தக் குரல்? சட்டத்தில் 'நிகழ்த்துநர்' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதியவர்கள் நடிகர், பாடகர், ஆடுபவர் என்பதோடு நிறுத்தவில்லை. கழைக்கூத்தாடி, வித்தை காட்டுபவர், பாம்பாட்டி வரை பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். எனவே மேடையே ஏறாத ஒரு பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடினாலும் அவர் நிகழ்த்துநர்தான். அவர் சம்மதமில்லாமல் அந்தக் குரலைப் பதிவு செய்து வியாபாரம் செய்ய முடியாது. அந்த உரிமை அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 50 வருடத்துக்கு உண்டு, அவருக்குப் பிறகு வாரிசுகளுக்கும் போகும். உறுமி அடிக்கிறவருக்கும் பறை அடிக்கிறவருக்கும் இதே கணக்குத்தான்.

வரி எழுதுகிறவர்களும் இசையமைப்பவர்களும் 1969 முதல் இயங்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் சேரலாம். பாடகர்களுக்கென 2013-ல் ஒரு தனிச் சங்கம் வந்தது. லேப்டாப்பில் டிராக் போடுகிற பையன்கள் செய்ய வேண்டியது இன்னும் சின்ன வேலை: அப்லோடு செய்கிற பக்கத்தில் 'பாடியவர்', 'எழுதியவர்' என்று இருக்கிற கட்டங்களைக் காலியாக விடாமல், யாருக்கு எத்தனை சதவீதம் என்று பாட்டு வெளியாகும் முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவது. வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டது பின்னால் நிற்காது. பாட்டியிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்கும்போது, 'இதுல என்ன எழுதியிருக்குய்யா' என்று அவர் கேட்டால் வாசித்தும் காட்ட வேண்டும்.